மின்கிட்டாரின் உடலைக் குடைதல்: எந்தக் குழி டோனை மாற்றும், எது மாற்றாது? காரைக்குடித் தேக்கில் கிட்டார் செய்வோருக்கு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும், சுற்றுவட்டாரத்தில் இடிக்கப்படும் பழைய வீடுகளின் மரத்தை மொத்தமாக எடுத்து விற்பவர்களிடமும் பர்மாத் தேக்கு உத்தரத் துண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. பல தலைமுறைகள் கூரைக்கு அடியில் காய்ந்த மரம் என்பதால், அதில் மின்கிட்டார் செய்து பார்க்கும் ஆசை இளைஞர்களுக்கு வருவது இயல்பு. ஆசை வந்ததும் எழும் முதல் கேள்வி, உடலை எங்கே, எவ்வளவு குடைய வேண்டும் என்பது. அதிகம் குடைந்தால் நாதம் கூடும் என்று ஒரு சாராரும், குடையக் குடையக் கார்வை போய்விடும் என்று மறு சாராரும் அடித்துச் சொல்வார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் குழியின் அளவைவிட அது விழும் இடமே டோனை, அதாவது ஒலியின் தன்மையை, பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை மனத்தில் கொண்டு, வேலை நடக்கும் வரிசையிலேயே ஒவ்வொரு குழியையும் பார்ப்போம்.

வீணைக் குடமும் கிட்டார் உடலும்

வீணைக்குப் பெயர்போன ஊர் என்பதால் இங்கே ஒரு குழப்பம் எளிதில் வந்துவிடுகிறது. வீணையின் குடத்தைப் பலா மரத்தில் குடைந்து, அதன் மேல் மெல்லிய பலகையை மூடி, அந்தப் பலகையின் மீது குதிரையை நிறுத்துகிறார்கள். தந்தியின் அதிர்வு குதிரை வழியாகப் பலகைக்கு இறங்குகிறது. பலகையும் குடத்துக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்ந்து நம் காதுக்கு ஒலியைத் தருகின்றன. அங்கே குடைவதே ஒலியை உண்டாக்கும் வேலை.

மின்கிட்டாரில் காற்றின் அதிர்வை யாரும் எடுப்பதில்லை. காந்தத்தின் மேல் இரும்புக் கலப்புள்ள தந்தி அசையும்போது காந்தப்புலம் மாறி, அதைச் சுற்றியுள்ள சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. இந்தக் காந்தமும் சுருளும் சேர்ந்ததே பிக்கப். ஆம்ப்ளிஃபயருக்குப் போவது அது மட்டுமே. ஆகவே உடலில் தோண்டிய குழிக்குள் காற்று எப்படி ஒலித்தாலும், அது தந்தியின் அசைவையோ பிக்கப்பின் அசைவையோ மாற்றினாலொழிய ஸ்பீக்கரில் கேட்காது. உடல் டோனில் தலையிடும் வழிகள் குறைவானவை: தந்தியின் ஆற்றலை, உடலின் மேல் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாகவும் கழுத்து வழியாகவும் உறிஞ்சிக்கொள்வது, பிக்கப்பைத் தாங்கும் பகுதி தானும் அதிர்வது, மேடையில் ஸ்பீக்கரின் ஒலி திரும்ப வந்து உடலை உலுக்குவது. இனி வரும் ஒவ்வொரு குழியையும் இந்த வழிகளில் எதைத் தொடுகிறது என்று கேட்டுப் பார்த்தாலே பாதி விவாதம் முடிந்துவிடும்.

1940ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் செய்த ‘லாக்’ என்னும் கருவி இதற்கு நல்ல சான்று. நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் கழுத்தையும் பிரிட்ஜையும் பிக்கப்புகளையும் பொருத்திவிட்டு, பார்ப்பதற்குக் கிட்டார் போல இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு கிட்டாரின் உடலை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டினார். ஒலிக்கு வேண்டியது நடுக்கட்டையிலேயே இருந்தது. கிப்ஸன் நிறுவனம் 1958இல் கொண்டுவந்த இஎஸ்-335 மாடலும் இதே கருத்தைப் பின்பற்றி, நடுவில் திடமான மரக்கட்டையையும் இரு பக்கமும் வெற்று அறைகளையும் கொண்டிருக்கிறது.

மரத்தையும் எடையையும் கணக்கிடுதல்

தேக்கு ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.65 கிராம் எடையுள்ளது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் வடிவில் 45 மி.மீ. கனமுள்ள உடல் ஏறக்குறைய நான்கரை லிட்டர் கன அளவு கொள்ளும் என்பதால், குடையாத தேக்கு உடல் மட்டும் மூன்று கிலோவை ஒட்டி வரும். அதே அளவில் ஆல்டர் மரம் இரண்டு கிலோ அளவிலேயே நிற்கும். கழுத்து, பிரிட்ஜ், டியூனர்கள் எல்லாம் சேர்ந்தால் திருவிழாக் கச்சேரியில் நான்கு மணி நேரம் தோளில் தொங்கும் எடை எவ்வளவு என்பது புரியும். தேக்கில் குடைவதற்கு முதன்மையான காரணம் எடைதான். டோன் அதற்குப் பின்னால்தான் வருகிறது. இதைச் சொல்வதற்குப் பலரும் தயங்குகிறார்கள்.

வாங்கும்போது செதுக்கு வேலை உள்ள நிலைகளையும் கதவுகளையும் விட்டுவிட்டு, வேலைப்பாடு இல்லாத உத்தரத்தையோ சட்டத்தையோ தேர்ந்தெடுங்கள். யாளியும் கஜலட்சுமியும் உள்ள மரத்தை அறுத்துக் கிட்டார் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஆணி தேடுவது. வலுவான காந்தம் ஒன்றை நூலில் கட்டி, மரத்தின் மேல் ஒட்டினாற்போல் நான்கு பக்கமும் மெதுவாக நகர்த்துங்கள். இரும்பு உள்ளே முறிந்து கிடந்தால் காந்தம் அங்கே ஒரு பக்கமாகச் சாயும்; மேற்பரப்பை லேசாக இழைத்தால் அந்த இடத்தில் மை சிந்தியதைப் போன்ற கருநீலக் கறை தெரியும். அதைத் தோண்டி எடுக்காமல், சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் ரௌட்டரை இறக்கினால் பிட்டின் கார்பைடு முனை சிதறி முகத்துக்கு வரும். ஆணி இல்லாவிட்டாலும் தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் சாதாரண எஃகு பிட் விரைவில் மழுங்கிவிடும்; கார்பைடு பிட்டே வாங்குங்கள். தேக்குத் தூள் தோலையும் மூச்சையும் உறுத்தக்கூடியது என்பதால் முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

முதலில் நடுக்கோடு, அடுத்து பிரிட்ஜ், அதன் பிறகே பிக்கப்

டோனை உண்மையிலேயே முடிவு செய்யும் இடம் இதுதான் என்பதால் இங்கே நிதானம் தேவை. உடலின் மேல் நடுக்கோட்டைக் கீறி, கழுத்து பொருந்தும் இடத்தைக் குறித்து, கழுத்தின் மேல்முனையில் தந்தி தங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையுள்ள தந்தி நீளத்தை அளந்து பிரிட்ஜின் இடத்தை உறுதி செய்ய வேண்டும். ஃபெண்டர் வகைக்கு அந்த நீளம் 648 மி.மீ.; கிப்ஸன் வகைக்கு ஏறக்குறைய 628 மி.மீ. பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் துண்டுதான் சேடில். தடித்த தந்திகளின் சேடில்கள் இந்த அளவைவிடச் சில மில்லிமீட்டர் பின்னால் போய் நிற்கும் என்பதால், சேடில் முன்னும் பின்னும் நகரும் தூரத்தின் நடுவில் அளவை வைக்காமல் முன்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிக்கப் எந்தப் புள்ளியில் தந்தியைப் பார்க்கிறதோ, அந்தப் புள்ளியில் வலுவாக அசையும் அதிர்வுகளை அதிகமாக எடுத்து, அசையாமல் நிற்கும் அதிர்வுகளைச் சிறிதும் எடுக்காமல் விடுகிறது. பிரிட்ஜிலிருந்து தந்தி நீளத்தின் நான்கில் ஒரு பங்கில், அதாவது 648 மி.மீ. நீளத்துக்கு 162 மி.மீ. தூரத்தில், கழுத்துப் பக்கப் பிக்கப்பை வைத்தால், திறந்த தந்தியின் நான்காவது ஹார்மோனிக் (அடிப்படை அதிர்வைப் போல நான்கு மடங்கு வேகமுள்ள அதிர்வு) அங்கே அசைவற்று நிற்கும். அடிப்படை அதிர்வு நன்றாக வலுத்து, உருண்ட, கனிந்த ஒலி கிடைக்கும். பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பின் மையம் 40 மி.மீ. தூரத்தில் இருப்பதற்கும் 50 மி.மீ. தூரத்தில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால், இரண்டாவது இடத்தில் அடிப்படை அதிர்வு சுமார் 2 டெசிபெல் கூடுகிறது. காதுக்குத் தெளிவாகத் தெரியும் மாற்றம் இது. உடலின் ஓரத்தில் ஒரு கைப்பிடி மரத்தைக் கூடுதலாக எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இந்த அளவுக்கு ஒலி நகராது.

ஆகவே ரௌட்டருக்கு வழிகாட்டும் அச்சுப் பலகையான டெம்ப்ளேட்டை வெட்டுவதற்கு முன்பே எந்த மாதிரி ஒலி வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மெல்லிசைக் குழுக்களில் வாசிப்பவர்கள், கீபோர்டும் தவிலும் முழங்கும் மேடையில் தங்கள் ஒலி தனித்துக் கேட்க வேண்டும் என்று விரும்பினால், பிரிட்ஜ் பிக்கப்பை 40 மி.மீ. அளவிலேயே வைப்பது நல்லது. தனியே வாசிப்பவருக்கு அதே இடம் காதைக் குத்தும். அவர் சில மில்லிமீட்டர் முன்னால் கொண்டுவரலாம். குழியை வெட்டிய பிறகு இந்த முடிவை மாற்ற முடியாது.

இடத்தைப் பற்றியே இன்னொன்று. பட்டறையில் ஆசாரி “எத்தனை நூல் இறக்கணும் தம்பி?” என்றுதான் கேட்பார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம். கதவுக்கும் ஜன்னலுக்கும் அது நுட்பமான அளவே. கிட்டாரின் கழுத்துப் பொருத்தத்துக்கு மிகவும் பெரியது. எல்லா அளவையும் மில்லிமீட்டரில் எழுதி, முழு அளவு வரைபடமாகவும் எம்.டி.எஃப். (மரநார் அழுத்திய பலகை) டெம்ப்ளேட்டாகவும் கொடுத்துவிட்டால் பேச்சுக்கே இடமிருக்காது.

கழுத்துக் குழி

கழுத்தைத் திருகாணியால் பொருத்தும் ஃபெண்டர் வகையில் இந்தக் குழி சுமார் 56 மி.மீ. அகலம், 76 மி.மீ. நீளம், 16 மி.மீ. ஆழம் கொண்டது. ஆனால் எண்ணை நம்பாமல், கையில் உள்ள கழுத்தையே அளந்து டெம்ப்ளேட் செய்யுங்கள். பொருத்திய கழுத்தை மட்டும் பிடித்துத் தூக்கினால், திருகாணி இல்லாமலேயே உடல் கீழே நழுவாமல் தொங்க வேண்டும்; அந்த இறுக்கம் போதும். அடித்து இறக்க வேண்டிய அளவுக்கு இறுக்கமாக இருந்தால் மழைக்காலத்தில் மரம் உப்பும்போது ஓரம் வெடிக்கக்கூடும்.

இந்தக் குழிக்குத் தரும் கவனத்தில் பாதியைக்கூட மற்றவற்றுக்குத் தர வேண்டியதில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. கழுத்தின் குறுக்குக் கம்பிகளான ஃபிரெட்டுகளில் சிலவற்றில் மட்டும் ஸ்வரம் சட்டென்று செத்துப்போவதை வாசிப்பவர்கள் அறிவார்கள். ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் முதலானோர் செய்த அளவீடுகள், அந்த இடங்களில் தந்தியின் ஆற்றலைப் பெரும்பாலும் உறிஞ்சுவது கழுத்தின் அதிர்வுதான், பிரிட்ஜ் பக்கம் ஒப்பளவில் அசையாமல் நிற்கிறது என்று காட்டின. கழுத்து உடலோடு சேரும் இடம் தளர்ந்திருந்தால் கழுத்தின் அசைவு இன்னும் கூடும். எனவே குழியின் தளம் சமமாக, தூளோ பெயிண்ட் கட்டியோ இல்லாமல் இருக்க வேண்டும். கழுத்துப் பிக்கப் குழிக்கும் கழுத்துக் குழிக்கும் இடையே உள்ள மரச்சுவரை 10 மி.மீ. அளவுக்காவது விட்டுவைக்க முயலுங்கள்.

பிக்கப் குழிகளின் அகலமும் ஆழமும்

இரண்டு சுருள் கொண்ட பிக்கப்பான ஹம்பக்கருக்குச் சுமார் 71 மி.மீ.க்கு 40 மி.மீ. அளவில் குழி போதும். திருகாணி போகும் இரு காதுகளுக்கு மட்டும் ஆழம் கூட்டினால் சரி. ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயிலுக்கு இதைவிடக் குறுகிய குழி. பிக்கப்பை அளந்து, சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விடுவதே எளிய விதி.

கழுத்து முதல் பிரிட்ஜ் வரை முழுவதையும் ஒரே குளமாக வெட்டிவிட்டால் பின்னால் எந்தப் பிக்கப்பையும் மாட்டலாம் என்று பலர் அப்படி வெட்டுகிறார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தொழிற்சாலைகளிலும் இந்த முறை பரவலாக இருந்தது. வாசிப்பவர்கள் அதை நீச்சல்குளக் குழி என்றே கேலியாக அழைக்கிறார்கள். அதனால் டோன் பாழாகும் என்று சொல்லும் அளவுக்கு வேறுபாடு கேட்பதில்லை. ஆனால் அதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பெரிய குளத்தின் மேல் உடலை மூடும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டில் பிக்கப்புகள் தொங்கும்போது, அந்தத் தகடு மேடை ஒலியில் அதிர்ந்து, பிக்கப்பும் சேர்ந்து ஆடும். சுருளை மெழுகில் ஊறவைக்காத பிக்கப்பாக இருந்தால் ஒலியைக் கூட்டியவுடன் ஊளையிடத் தொடங்கும். தனித்தனிக் குழி வெட்டி, பிக்கப்பை நேராக மரத்தில் திருகி, அடியில் சிறு ஸ்பாஞ்ச் துண்டு வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். தேக்கு உடலுக்கு இந்த முறையையே பரிந்துரைப்பேன்.

கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ பிரிட்ஜ் வைப்பவர்கள் பிரிட்ஜுக்கு அடியில் உடலை மறுபக்கம் வரை குடைந்து, பின்புறம் ஸ்பிரிங்குகளுக்கும் குழி வெட்ட வேண்டும். இந்த வகைக் கிட்டாரின் ஒலி வேறுபடுவது உண்மை. அதற்குக் காரணம் இழந்த மரத்தைவிட, பிரிட்ஜ் ஸ்பிரிங்குகளின் மேல் மிதப்பதே. அடித்த ஸ்வரத்துக்குப் பின்னால் ஸ்பிரிங்குகள் மெல்ல இரைவதைப் பிக்கப் எடுத்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் ஸ்பிரிங்குகளுக்கு இடையில் பஞ்சுத் துண்டைச் செருகினால் அடங்கிவிடும். தேக்கில் முதல் கிட்டார் செய்பவர் அசையாத பிரிட்ஜோடு தொடங்குவது நல்லது.

எடை குறைக்கும் அறைகள்

அரை கிலோ குறைக்க வேண்டுமானால் 500ஐ 0.65ஆல் வகுத்து, ஏறக்குறைய 770 கன சென்டிமீட்டர் மரத்தை எடுக்க வேண்டும் என்று அறியலாம். 35 மி.மீ. ஆழத்துக்கு அது 220 சதுர சென்டிமீட்டர் பரப்பு. இதை நடுவில் எடுக்கக் கூடாது. நடுக்கோட்டின் இரு பக்கமும் சேர்த்து குறைந்தது 100 மி.மீ. அகலத்துக்குக் கழுத்து முதல் பின்விளிம்பு வரை திட மரத்தை விட்டுவிட்டு, இரு சிறகுகளில் மட்டும் அறைகளை அமைக்கலாம். விளிம்புச் சுவர் 15 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். வார் மாட்டும் பட்டன்கள் வரும் இடங்களில் இன்னும் கூடுதலாக விடுங்கள்.

41 மி.மீ. கனமுள்ள கட்டையைப் பின்புறமிருந்து 35 மி.மீ. ஆழம் குடைந்து, முன்பக்கம் 6 மி.மீ. மரத்தை விட்டு, பின்னால் 4 மி.மீ. பலகையை ஒட்டி மூடுவது எளிய வழி. முழு ஆழத்தையும் ரௌட்டரால் எடுக்க முயல வேண்டாம். முதலில் தட்டையான அடியுள்ள துளை போடும் ஃபார்ஸ்ட்னர் பிட்டால் அடுத்தடுத்துத் துளையிட்டுப் பெரும்பகுதி மரத்தை எடுத்துவிட்டு, பிறகு பேரிங் உள்ள பிட்டால் ஒரு முறைக்கு 4 மி.மீ. வீதம் சுவரைச் சீராக்குங்கள். சற்று ஆழம் போனதும் டெம்ப்ளேட்டைக் கழற்றிவிட்டு, வெட்டிய சுவரையே பேரிங்குக்கு வழிகாட்டியாகப் பயன்படுத்தலாம். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம் என்பதால், ஒட்டும் பரப்புகளை அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்த உடனே பசையிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் எண்ணெய் மீண்டும் மேலே வந்துவிடும்.

இப்படி நடுக்கட்டையை விட்டுக் குடைந்த உடலில் டோன் மாற்றம் சிறியதாகவே இருக்கும்: தாழ்ந்த ஒலிகள் சற்றுத் தளர்வாக வரலாம், மின் இணைப்பு இல்லாமல் வாசிக்கும்போது சத்தம் கூடக் கேட்கும். அந்தச் சத்தத்தில் மயங்கி, இதுதான் ஆம்ப்ளிஃபயரிலும் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒலி கண்கூடாக மாற வேண்டுமானால் பிரிட்ஜுக்கு அடியிலேயே மரத்தை எடுத்து, மேல் பலகையை 4 அல்லது 5 மி.மீ.க்கு மெலிதாக்க வேண்டும். அப்போது பிரிட்ஜ் அசையத் தொடங்கி, ஸ்வரத்தின் தொடக்கம் மேலெழுந்து, கார்வை குறையும். கூடவே மேடையில் ஊளையிடும் ஃபீட்பேக்கும் வரும். கோவில் திருவிழாவில் ஸ்பீக்கர் அடுக்குக்கு முன்னால் நின்று வாசிக்கப்போகும் கருவிக்கு அது ஏற்றதன்று.

கட்டுப்பாட்டுக் குழியும் ஷீல்டிங்கும்

வால்யூமையும் டோனையும் கூட்டிக் குறைக்கும் பாட்டுகளுக்கான (பொட்டென்ஷியோமீட்டர்) குழி டோனை மரத்தின் வழியாக மாற்றுவதில்லை. பாட்டின் திருகு மேலே வர வேண்டும் என்பதால் முன்பக்க மரத்தை 5 முதல் 6 மி.மீ. வரை மட்டும் விடுங்கள். இந்தக் குழிக்குள் வைக்கும் பொருட்களே டோனை நிச்சயமாக மாற்றுகின்றன. பிக்கப்பின் சுருளும், கேபிளின் கொள்திறனும், பாட்டின் மதிப்பும் சேர்ந்து 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒரு முகட்டை உண்டாக்குகின்றன. கிட்டாரின் பளபளப்பு அந்த முகட்டில் இருக்கிறது. 250 கிலோ ஓம் பாட்டுக்குப் பதில் 500 போட்டால் முகடு கூர்மையாகும். நீளமான கேபிள் அதைத் தாழ்ந்த பக்கம் இழுக்கும்.

பிக்கப் குழிகளிலும் இந்தக் குழியிலும் செப்புத் தகட்டை ஒட்டி, ஓரங்களைச் சால்டரால் இணைத்து, எர்த்தில் சேர்த்தால் ஜெனரேட்டரும் சீரியல் விளக்குகளும் உண்டாக்கும் கரகரப்பு குறையும். சிங்கிள் காயில் இழுக்கும் 50 ஹெர்ட்ஸ் காந்த இரைச்சலை இது நிறுத்தாது. அதற்கு ஹம்பக்கர்தான் வழி.

சோதிக்கும் முறை

செட்டிநாட்டு வீட்டு வளவில் நின்று சோதிக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவரும் எதிரொலித்து, எல்லாக் கிட்டாரையும் நன்றாகவே காட்டும். ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக நேரடியாகக் கணினியில் பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்கள். அறைகளின் விளைவை அறிய விரும்பினால், குடைவதற்கு முன்பே வார்னிஷ் பூசாத உடலில் எல்லாவற்றையும் பொருத்தி ஒரு முறை பதிவு செய்துவிட்டு, கழற்றிக் குடைந்து, பலகையை ஒட்டியபின் மறுபடியும் பொருத்திப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு முறையும் அதே ரகத்தில் புதுத் தந்திகள், அதே கேபிள், அதே பிளெக்ட்ரம், தந்தியில் அடிக்கும் அதே இடம் என்பது முக்கியம். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்தி, தந்தியின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் மேல்முனைக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிவைத்து, இரண்டாவது முறையும் அதே அளவில் நிறுத்துங்கள். அந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் மாறினாலே ஒலியின் அளவும் தன்மையும் மாறும், அதன் பிறகு கேட்கும் வேறுபாட்டை அறையின் கணக்கில் எழுத முடியாது.